கூழில் நான் எழுதாமல் விட்ட நொய்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் மாடி நடைவழியில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தேன். எனக்கு நோய் ஒன்றும் இல்லை - எழுபத்து மூன்று வயதை நோய் என்று சொல்லாவிட்டால்.

என் அருகில் ஏழுமலை. விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலை ஓரம் உணவுக்கடை நடத்துபவர். அவர் மனைவி பச்சையம்மாள் மகளிர் மருத்துவரின் அறை வாயிலில் தம் பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தார். அவருடைய கருப்பையின் உட்சுவரிலிருந்து பத்து நாள்களுக்கு முன் எடுத்து அனுப்பிய சிறு துணுக்கின் ஆய்வு முடிவு அன்று வருகிறது. சுவர் சீராகியிருந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையேல் அறுவை. அதற்கும் அப்பால் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை அன்று காலை முதல் மூவரும் வாயால் சொல்லவில்லை.

"ஐயா, உங்களுக்கு எதுக்குங்க இந்த அலைச்சலு? ரிசல்ட்டு வந்ததும் போன் பண்ணியிருப்பனே" என்றார் ஏழுமலை.

"உங்கள் மனைவி வரச் சொன்னார்."

"அவ சொன்னா வந்துடறதா? நான்தான் முப்பது வருசமா அவ சொன்ன எடத்துக்கெல்லாம் போய்க்கினு இருக்கேன். நீங்களுமா?"

சிரித்தேன். ஆனால் வராமல் இருக்க இயலாது. அந்தச் சுவர் சீராகாமல் போனால் அதில் எனக்கும் பங்கு உண்டு. எனக்கு என்றால்... நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்களே, இந்தச் செய்தித்தாள் பத்திக்கு.

நீங்கள் மறந்திருக்கலாம். சித்திரையில் இதே இடத்தில் கேப்பையை (கேழ்வரகைத்தான் சொல்கிறேன்) புகழ்ந்து எழுதினேன். வெள்ளைச் சோற்றை விலக்கிக் கேப்பைக் கூழுக்குத் திரும்புவோர் இல்லத்தில் நீரிழிவு நுழைய அஞ்சும் என்று முடித்திருந்தேன். நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் எழுதியதல்லவா... வாக்கியங்கள் அழகாகவே அமைந்தன. பாராட்டி ஏழெட்டு மடல்கள் வந்தன. இருவர் தொலைபேசியில் அழைத்தார்கள்.

மூன்றாமவர் நேரில் வந்தார்.

ஆடி மாதத்து நான்காம் ஞாயிறு. திண்டிவனத்தில் எங்கள் தெரு முனை அம்மன் கோயிலில் கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் மணி ஒலித்தது. திறந்தால் ஐம்பது வயது கடந்த ஓர் அம்மையார். வணக்கம் சொன்ன கையோடு கைப்பேசியை நீட்டினார்.

"இத எழுதுனது நீங்கதானுங்களா?"

படத்தில் ஒரு கடைச் சுவர். சுவரில் பசை தடவி ஒட்டிய என் பத்தி. ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஒரு பத்தியாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆம். நான்தான்."

"அப்ப இதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்" என்று அடுத்ததாக ஓர் ஆய்வகத் தாளை நீட்டினார்.

அமரச் சொன்னேன். அமர்ந்தார். அவர்தான் பச்சையம்மாள். சொன்னதை அவர் சொற்களிலேயே தருகிறேன். (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.)

"டிரைவர் ஒருத்தரு மல்லாட்டை மடிச்சிக்கினு வந்த பேப்பருங்க இது. நான் பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். உங்க தமிழு பாதி புரியல. கேப்ப மட்டும் நல்லா புரிஞ்சுது. வைகாசில மூணு மாச சுகர் எட்டே முக்கா இருந்துது. அன்னிலருந்து சோத்த வுட்டேன். காலைல கூழு, மதியம் களி, ராத்திரி கூழு. ஆடி பொறந்ததும் வாரா வாரம் கோயில் கூழு வேற. போன வாரம் டெஸ்ட்டு எடுத்தா ஒம்பதரை. இன்னா கேப்பைங்க இது?"

வெறும் சர்க்கரை நோயாக இருந்தால் இவ்வளவு தொலைவு வந்திருக்க மாட்டார். அடுத்ததைச் சற்றுத் தயங்கியே சொன்னார்.

மாதவிலக்கு நிற்கும் வயது. நிற்கவில்லை. பத்து நாள், பதினைந்து நாள் என்று நீண்டது. இந்த வயதில் வருவதுதான் என்று ஓராண்டு பொறுத்துக்கொண்டார். பிறகு வைகாசியில் விழுப்புரம் சென்று காட்டியபோது, கருப்பையின் உட்சுவர் அளவுக்கு மீறித் தடித்திருப்பது தெரிந்தது. துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை. ஆனால் கவனியாமல் விட்டால் சிலருக்கு அந்தத் திசையில் போகக்கூடும் என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார். ஆறு மாதம் கழித்து மறுபடியும் துணுக்கு எடுத்துப் பார்ப்பதாகவும், அதற்குள் எடையையும் சர்க்கரையையும் இறக்கியே ஆக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆறில் மூன்று மாதம் என் பத்தியோடு போய்விட்டது.

நான் எழுதியதில் பிழை எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் என் துணைவியார் மோர் கொண்டு வந்து வைத்தார். ஆய்வகத் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கூழுல நொய் போடுவாங்க, அதையும் எழுதுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

சொன்னார். உண்மை. நானும் எழுதினேன். பிறகு அடித்தேன். ஏன் அடித்தேன் தெரியுமா? 'கேப்பையும் நொய்யும்' என்று வந்தபோது வாக்கியத்தின் ஓசை இடறியது. 'கேப்பை' என்று மட்டும் இருந்தபோது நடை தெளிந்த நீர்போல் ஓடியது. ஓசைக்காக உடைத்த அரிசியை வெளியேற்றிவிட்டேன். தாளிலிருந்துதான், பானையிலிருந்து அன்று.

நம் பகுதியில் கூழ் காய்ச்சும் முறை உங்களுக்குத் தெரியும். கேப்பை மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, அதில் புளித்த மாவைக் கொட்டிக் கிண்டுவார்கள். வெள்ளைச் சோற்றை விட்டுவிட்டதாகப் பச்சையம்மாள் மூன்று மாதம் மனமார நம்பினார். சோறோ கூழுக்குள் ஒளிந்திருந்து நாள்தோறும் அவர் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பாதி நொய்யிதானே... ஆமாங்க" என்றார் பச்சையம்மாள் மெதுவாக. "நானேதான் போட்டு கிண்டுறேன். நெனப்புல வரலையே."

அதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை. இலக்கணத்தில் ஐயம் என்றால் நான் தீர்ப்பேன். இது அதுவன்று. அடுத்த நாளே இருவருடனும் விழுப்புரம் சென்றேன். அதே மருத்துவமனையில் உணவு ஆலோசகராக ஓர் இளம்பெண் இருக்கிறார். வைகாசியிலேயே அவரைப் பார்த்துவிட்டுப் போகும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். பச்சையம்மாள் பார்க்கவில்லை. பேப்பரில் போட்டிருக்கும்போது தனியாக வேறு எதற்கு என்று இருந்துவிட்டாராம். கேட்டபோது என் காது சுட்டது.

ஆலோசகர் முதலில் கேட்ட கேள்வி எளியது. "ஒரு வேளைக்கு எவ்ளோ கூழ் குடிப்பீங்கம்மா?"

"ஒரு சொம்புங்க."

"சொம்புன்னா?"

பச்சையம்மாள் பையிலிருந்து சொம்பையே எடுத்து மேசைமேல் வைத்தார். தண்ணீர் கொண்டு போகும் பித்தளைச் சொம்பு. ஆலோசகர் தம் ஒரு லிட்டர் போத்தலைத் திறந்து அதில் ஊற்றினார். போத்தல் காலியாயிற்று. சொம்பு நிறையவில்லை.

"அம்மா, இது ஒரு வேளைக்கா?"

"குடும்பத்துக்கே குடுத்துட்டு மீதிய இவ குடிக்கிறான்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றார் ஏழுமலை.

"நீ பரோட்டா கல்லுல நிக்கிற ஆளு. உனக்கு இன்னா தெரியும்" என்றார் பச்சையம்மாள்.

ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். மெல்லாமல் குடிக்கும் நீர்த்த கஞ்சி வயிற்றில் தங்காது. விரைவில் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கும். கேப்பையில் நார் உண்டு. ஆனால் நைய அரைத்து, நீர்க்கக் கரைத்து, நொய்யும் சேர்த்து, லிட்டர் கணக்கில் குடித்தால் அந்த நார் எத்தனையைத்தான் தடுக்கும்? வந்த சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் அனுப்பக் கணையம் இன்சுலினைச் சுரக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் சுரப்பும் வெள்ளமாகப் பெருகும். ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தால் அணுக்கள் இன்சுலினுக்குச் செவி சாய்ப்பதில்லை. கணையம் இன்னும் உரக்கக் கூவும். (இன்சுலினுக்குத் தூய தமிழ்ச் சொல் தேடிக் களைத்துவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.)

பச்சையம்மாள் சொன்னார்: "தீபாவளிக்கு மொத நாளு எங்க ஊரு டோல்கேட்டு மாதிரி. அத்தினி வண்டியும் ஒரே நேரத்துல வந்து நிக்கிது. எத்தினி கவுன்ட்ரு தொறந்தாலும் பேஜாருதான்."

"அதேதாம்மா" என்றார் ஆலோசகர். "வண்டியக் குறைக்கணும். வர்றதையும் ஒண்ணு ஒண்ணா வர வைக்கணும்."

நாற்பது ஆண்டுகள் வகுப்பெடுத்த எனக்கு இப்படி ஓர் உவமை ஒரு நாளும் வாய்த்ததில்லை.

"சரிங்கம்மா... சுகருக்கும் கர்ப்பப்பைக்கும் இன்னா சம்மந்தம்? அத யாரும் எனக்கு சொல்லல."

அதற்கும் விடை கிடைத்தது. இன்சுலின் சர்க்கரையை மட்டும் கையாள்வதில்லை. அணுக்களை வளரச் சொல்லும் கட்டளையும் அதனிடம் உண்டு. எந்நேரமும் மிகுந்திருந்தால் வளர வேண்டாத இடத்திலும் அந்தக் கட்டளை கேட்கும். வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பும் வாளாவிருப்பதில்லை. பெண்மைச் சுரப்பை அதுவும் தன் பங்குக்கு ஆக்குகிறது; கருப்பைச் சுவர் அதைக் கேட்டுத் தடிக்கிறது. அதோடு உடலெங்கும் மெல்லிய அழற்சி ஒன்றையும் மூட்டிவிடுகிறது. காயம் பட்டால் சிவந்து வீங்கி, வேலை முடிந்ததும் அடங்குகிறதே, அந்த அழற்சி நமக்கு நண்பன். அடங்காமல் உள்ளேயே கனன்றுகொண்டிருப்பது வேறு வகை. அது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அணுக்கள் பழுதுபடும் வாய்ப்புக் கூடுகிறது. கூடுகிறது என்பதுதான் சொல். எல்லோருக்கும் புற்று வரும் என்பதன்று. நல்ல உணவு உண்டவருக்கு வரவே வராது என்பதும் அன்று.

"கடைல கல்ல நாள் முழுக்க சிம்முலயே வுட்டா மாதிரி" என்றார் இம்முறை ஏழுமலை. "எரியிறது தெரியாது. கல்லு கருகிக்கினே இருக்கும்."

கணவனும் மனைவியும் உவமைப் போட்டியில் இறங்கிவிட்டார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்குள் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. இதே கூழைக் குடித்துத்தானே இவ்வட்டாரத்தில் தலைமுறைகள் வாழ்ந்தன? என் பத்தியின் அடித்தளமே அதுதான். திரும்பும் வழியில் பேருந்தில் கேட்டே விட்டேன்.

பச்சையம்மாள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, எங்க அம்மா கூழ குடிச்சிட்டு திருவெண்ணெய்நல்லூர் பக்கம் சேத்துல எறங்குனா பொழுது சாயற வரைக்கும் நாத்து நடும். நானும் கல்யாணம் ஆவற வரைக்கும் நட்டவதான். இப்ப நான் கூழ குடிச்சிட்டு கல்லால உக்காந்துக்கினு டிரைவருங்களுக்கு டீ சொல்லிக்கினு இருக்கேன். கூழு அதேதான். நட ஆளு இல்லையே."

நான் எழுதிய அந்தப் பத்தி முழுவதிலும் இந்த ஒரு வரி இல்லை. கூழைப் புகழ்ந்தவன், கூழ் குடித்தவர்கள் அதன்பின் எட்டு மணி நேரம் என்ன செய்தார்கள் என்பதை எழுதவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. நான் நாற்று நட்டவன் அல்லன்.

அதன்பின் மூன்று மாதங்களில் நடந்தது முழுக்க முழுக்கப் பச்சையம்மாளின் வெற்றி. நான் வாரம் ஒருமுறை விக்கிரவாண்டிக்குப் போய் வேடிக்கை பார்த்தவன். அவ்வளவே.

ஆலோசகர் ஒரு பட்டியல் கொடுத்தார். பச்சையம்மாள் அதை வாங்கிக்கொண்டார், ஆனால் நம்பவில்லை. ஒருமுறை அச்சடித்ததை நம்பிக் கெட்டவர் அல்லவா? ஒவ்வொன்றையும் தாமே சோதித்தார். விரலில் குத்திப் பார்க்கும் சிறு கருவி ஒன்றை வாங்கினார். உண்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு துளி. கருவி காட்டிய அளவை, நாட்காட்டியின் அன்றைய தாளைக் கிழித்து அதன் பின்புறம் எழுதுவார். இன்ன உணவு, எத்தனை கரண்டி, எவ்வளவு ஏறியது. அத்தாள்களை ஒரு கம்பியில் குத்தி அடுப்படியில் மாட்டினார். நல்ல நேரமும் இராகுகாலமும் ஒருபுறம். மறுபுறம் பச்சையம்மாளின் ஆராய்ச்சி.

முதல் கண்டுபிடிப்பு - தேநீர். காலை முதல் இரவு வரை வரும் ஓட்டுநர்களுக்குத் துணையாக எட்டுக் குவளை குடித்து வந்திருக்கிறார். எட்டிலும் சர்க்கரை. 'இத ஒருத்தரும் கேக்கல, நானும் சொல்லல' என்றார். இரண்டாகக் குறைத்தார், சர்க்கரை இல்லாமல்.

இரண்டாவது - நேரம். கூட்டம் ஓய்ந்து மாலை நான்கு மணிக்கு உண்பார். பசி முற்றியிருக்கும். முன்பு சோற்று மலை. பிறகு களி மலை. இப்போது பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் தொடங்குமுன் உண்டுவிடுகிறார். அந்த அரை மணிக்குக் கல்லாவில் ஏழுமலை.

மூன்றாவதுதான் பெரிது. ஆலோசகர் சொல்லியிருந்தார்: கீரையும் பயறும் முதலில், முட்டையோ மீனோ அடுத்து, அளவான சோறு கடைசியில். அதே உணவு, அதே அளவு, வரிசைதான் வேறு. அது எப்படி வேறுபாடு ஆகும் என்று எனக்கே ஐயம். பச்சையம்மாள் ஒரு நாள் சோற்றை முதலில் உண்டு குத்திப் பார்த்தார். மறுநாள் கடைசியில் உண்டு குத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் மறுபடியும் முதலில். நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, சோறு கடைசில போனா கொறையுதுங்க. மூணு தாளும் கைல வச்சிருக்கேன். பேப்பர்ல போட்டத சொல்லல. நான் பாத்தத சொல்றேன்."

கேப்பை என்ன ஆயிற்று? அது திரும்பி வந்தது. கூழாக அன்று, முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையச் சேர்த்த அடையாக. ஒன்றே ஒன்று. அதற்குமுன் ஒரு கிண்ணம் காராமணிச் சுண்டல், சில நாள் வேகவைத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி. அந்தத் தாளையும் எனக்குக் காட்டினார்.

"கேப்ப மேல தப்பு இல்லீங்க. சொம்பு சொம்பா ஊத்திக்கினது என் தப்பு. நொய்ய எழுதாதது உங்க தப்பு."

தீர்ப்பு நேர்மையானது. ஏற்றுக்கொண்டேன்.

உண்டபின் சுங்கச்சாவடி வரை நடை. போக வரப் பதினைந்து நிமிடம். ஏழுமலை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

"தெனம் டோல்கேட்டு வரைக்கும் போயிட்டு வர்றா. அங்க இருக்கறவங்க பாஸ்டேக்கு ஒட்டிக்கினியான்னு கேக்கறாங்களாம்."

"நீயும் கூட வாயேன். உன் வயித்துக்கு லாரி கணக்கு போடுவாங்க."

புரட்டாசியில் ஒரு நண்பகல் நான் அங்கே உண்ண அமர்ந்தேன். இலையில் கீரை, சுண்டல், பொரியல். ஐந்து நிமிடம் ஆயிற்று. சோற்றைக் காணோம். எனக்கு எதிரே அமர்ந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் பொறுமை இழந்தார்.

"யக்கா, ஜல்தியா சோறு போடுக்கா. லோடு நிக்குது."

"கீரைய முடிய்யா. சோறு எங்கயும் ஓடிடாது."

"இது ஓட்டலா, ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரில இந்த ருசி இருக்காது. துன்னு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கீரையை முடித்தார். சோறு வந்தது. கை கழுவும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சும்மா வாய்க்கு பேசறதுங்க. முன்னல்லாம் சாப்ட்டு வண்டி எடுத்தா திண்டிவனம் வர்றதுக்குள்ள கண்ணு சொக்கும். இங்க துன்னா அவ்ளோ சொக்கல. அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் சோறே போடாது."

நானும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

மாடி நடைவழி. நண்பகலை நெருங்கியது. ஏழுமலையின் நகைச்சுவை எப்போதோ நின்றுபோயிருந்தது. கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். "சுகர் எறங்கிடுச்சுங்கய்யா. ஏழுக்கு வந்துடுச்சு. எடையும் ஒம்போது கிலோ கொறைஞ்சிடுச்சு. அப்ப அதுவும் எறங்கியிருக்கும்ல?" என்று கேட்டார். மூன்றாம் முறையாக.

"இறங்கியிருக்க வேண்டும்" என்றேன். மூன்றாம் முறையாக.

என்ன வேடிக்கை பாருங்கள். சித்திரையில் அறியாத ஒன்றைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுதியவன். கார்த்திகையில், இவ்வளவு அறிந்தபின், ஒரு சொல்லையும் உறுதியாகச் சொல்ல நாவு எழவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். பச்சையம்மாள் எழுந்தார். ஏழுமலையும் எழுந்தார். நான் அமர்ந்தே இருந்தேன். "நீங்களும் வாங்க" என்றார் பச்சையம்மாள். "நல்லதோ கெட்டதோ, எழுதுனவரு கேக்கணும்."

மருத்துவர் தாளைப் படித்தார். பெண்மணி, நிதானமானவர். இரண்டாம் முறையும் படித்தார். அந்த இரண்டாம் முறை எவ்வளவு நீண்டது என்று கேளாதீர்கள்.

"சுவர் நார்மலா ஆயிடுச்சும்மா. தடிப்பு இல்ல. ஆபரேஷன் தேவையில்ல."

ஏழுமலை சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கண்களை. பச்சையம்மாள் மட்டும் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார்.

"மாத்திரையாலயா, சாப்பாட்டாலயாங்க?"

மருத்துவர் புன்னகைத்தார். "ரெண்டும்தான். சுவத்த எறக்குனதுல மாத்திரைக்குத்தான் பெரிய பங்கு. சுகரையும் எடையையும் கொறைச்சது நீங்க. அது இல்லன்னா மாத்திரைய நிறுத்துனதும் திரும்ப வர வாய்ப்பு அதிகம். இப்படியே இருங்க. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டணும். நடுவுல ரத்தப்போக்கு வந்தா வயசுன்னு நெனச்சு வீட்ல உக்காந்துடக் கூடாது."

"உக்கார மாட்டேன். டோல்கேட்டு வரைக்கும் நடந்துக்கினேதான் இருப்பேன்."

வெளியே வந்ததும் ஏழுமலைக்குப் பேச்சு திரும்பிவிட்டது. மருத்துவமனை வாசலிலேயே மூன்று தேநீர் சொன்னார். பச்சையம்மாள் பார்த்த பார்வையில் மூன்றும் சர்க்கரை இல்லாமல் வந்தன. சொன்னால் நம்புவீர்களா? எழுபத்து மூன்று ஆண்டுகளில் நான் குடித்த தேநீர்களில் மிகவும் இனித்தது அதுதான்.

இந்தப் பத்தியைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு விண்ணப்பம். ஓராண்டு பொறுத்தது தம் பெரிய பிழை என்று பச்சையம்மாளே சொல்கிறார். நீங்கள் ஒரு மாதம்கூடப் பொறுக்காதீர்கள். கேப்பையோ கீரையோ மருத்துவரின் நாற்காலியில் அமர முடியாது. மருத்துவர் எழுதிய மாத்திரையை விட்டுவிட்டுப் பத்தியாளன் எழுதிய தானியத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பத்தியாளன் நானாக இருந்தால் கட்டாயம் வேண்டாம்.

பேருந்து நிலையத்தில் பிரியும்போது பச்சையம்மாள் ஒரு கட்டளை இட்டார். "அன்னிக்கு எழுதுன அதே எடத்துல, அதே நீளத்துல எழுதணும். நொய்யையும் சேத்து."

எழுதிவிட்டேன், அம்மையீர். நொய் தலைப்பிலேயே இருக்கிறது. ஓசை இடறினால் இடறட்டும்.

அச்சாகி வந்ததும் இதையும் கடைச் சுவரில் ஒட்டப்போகிறாராம். எங்கே? பழைய பத்தியின் மேலேயே. அந்தப் பழையதை முதலில் உரித்து எறிந்துவிடலாமே என்று கேட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாணமாக இருக்கிறது.

"வேணாங்கய்யா, அடியிலயே இருக்கட்டும்" என்றார் பச்சையம்மாள். "இதுலயும் எதையாவது வுட்டிருப்பீங்க. இதுக்கு மேல ஒட்டறதுக்கும் சுவத்துல எடம் வச்சிருக்கேன்."